மூன்றாம் பங்கு: பேராசிரியர் ஜேம்சன் எதைச் சந்தேகிக்கிறார்?

அமெரிக்க நாடகாசிரியர் வென்டி வாசர்ஸ்டீன் எழுதிய 'தேர்டு' நாடகத்தை வாசித்த நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் பெண்ணியம் பேசி, கற்பித்து, அதற்காகப் போராடிய ஒரு பேராசிரியர், மாணவன் ஒருவன்மீது தவறாகச் சுமத்திய குற்றச்சாட்டினால் தம் நம்பிக்கைகளையே ஐயுறத் தொடங்குகிறார் என்றால், இந்த நாடகம் பெண்ணியத்தைக் கைகழுவுகிறதா என்பது முதல் கேள்வி. அவர் எந்த இடத்தில், யார் சொன்ன வாதத்தைக் கேட்டு மாறுகிறார் என்பதைத் தம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது இரண்டாவது. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்வி பாதி தானாகவே கரைந்துவிடும். வாதம் எதுவும் அவரை மாற்றவில்லை. தாம் முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்திவந்த ஒரு நாடகத்துக்குள் தாமே ஒரு பாத்திரமாக நின்றுகொண்டிருப்பதை அவர் மிகத் தாமதமாகக் காண்கிறார். அவர் ஐயுறுவது தம் கொள்கையை விடவும் தம் வாசிப்பையே என்பது என் கருத்து.

நாடகத்தை அறியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் உள்ள ஒரு சிறிய, பெயர்பெற்ற கல்லூரி. காலம் 2002–03 கல்வியாண்டு. ஆங்கில இலக்கியப் பேராசிரியர் லாரி ஜேம்சன் (நம் காதுக்கு அந்த முதற்பெயர் சரக்கு வண்டியை நினைவூட்டும் என்பதால் அவரை ஜேம்சன் என்றே குறிப்பிடுகிறேன்) ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தைக் கற்பிக்கிறார். அவர் வகுப்பில் உட்சன் புல் என்ற பெயரைத் தன் குடும்பத்தில் மூன்றாவது ஆளாகச் சுமக்கும் இளைஞன் ஒருவன் இருக்கிறான்; அதனால் எல்லோரும் அவனைத் 'தேர்டு', அதாவது மூன்றாமவன் என்றே அழைக்கிறார்கள். அவன் மல்யுத்த வீரன். விளையாட்டு வீரர்களுக்கு முகவராகத் தொழில் செய்ய வேண்டும் என்பது அவன் எண்ணம். லியரைப் பற்றி அவன் எழுதிக் கொடுக்கும் கட்டுரை, மன்னனின் உள்ளத்தில் அடங்கிக் கிடக்கும் வேட்கையை உளப்பகுப்பாய்வு நோக்கில் ஆராய்கிறது. கட்டுரை மிக நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் அவன் செய்த பிழை. இப்படிப்பட்ட ஒருவன் இப்படிப்பட்ட ஒன்றை எழுதியிருக்கவே முடியாது என்று பேராசிரியர் முடிவுசெய்து, எழுத்துத் திருட்டு என்று கல்லூரியின் விசாரணைக் குழுவிடம் புகார் செய்கிறார். ஆதாரம் இல்லாததால் குழு அவனை விடுவிக்கிறது. இறுதியில் பேராசிரியர் அவனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கிறார்.

மேடைக்கு வருபவர்கள் ஐந்து பேர் மட்டுமே: இந்த இருவருடன் ஜேம்சனின் மகள் எமிலி, மறதி நோயால் மெல்ல மெல்லத் தன்னை இழந்துவரும் தந்தை ஜாக், மீண்டும் தலைகாட்டிய புற்றுநோயுடன் போராடும் தோழியும் சக பேராசிரியருமான நான்சி. 2005 அக்டோபரில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில், மிட்ஸி நியூஹவுஸ் அரங்கில், டேனியல் சல்லிவன் இயக்கத்தில் இது அரங்கேறியது. டயான் வீஸ்ட் பேராசிரியராகவும், ஜேசன் ரிட்டர் மாணவனாகவும், சார்லஸ் டர்னிங் தந்தையாகவும் நடித்தனர். அதற்கு முன் 2004 ஜனவரியில் வாஷிங்டனின் தியேட்டர் ஜே அரங்கில் இதன் முதல் வடிவம் ஓரங்க நாடகமாக நிகழ்த்தப்பட்டிருந்தது.

இப்போது அந்தப் புகாரை உற்றுப் பாருங்கள். எழுத்துத் திருட்டு என்று சொன்னால் திருடப்பட்ட மூலம் ஒன்று இருந்தாக வேண்டும். எந்த நூலிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல வேண்டும். ஜேம்சனிடம் அப்படி எதுவும் இல்லை. அவரிடம் இருப்பது எழுதியவனின் தோற்றமும் பெயரும் தசையும் மட்டுமே. அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் மாநிலங்களைச் சிவப்பு மாநிலங்கள் என்று சொல்லும் வழக்கம் 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு நிலைபெற்றது. ஜேம்சனின் கண்ணுக்கு இந்தப் பையன் அப்படியொரு மாநிலம் கால் முளைத்து வகுப்பறைக்குள் நடந்து வந்ததைப் போலத் தெரிகிறான். உடை, விளையாட்டு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மூன்று ஆகிய எல்லாம் சேர்ந்து அவனை ஒரு வகைமாதிரியாக ஆக்கிவிடுகின்றன. பிரதியை நுணுகி வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் முன்னால் கிடக்கும் பிரதியைத் தள்ளிவைத்துவிட்டு எழுதியவனின் முகத்தை வாசிக்கிறார். ஒரு பெண் எழுதியதைப் பெண் எழுதியது என்பதாலேயே தள்ளிவைத்த பழைய பேராசிரியர்கள் செய்ததும் இதைத்தான். அவர்களை எதிர்த்துத்தான் ஜேம்சன் தம் வாழ்க்கையைத் தொடங்கினார்.

லியருக்கு வருவோம். முதல் காட்சியில் மன்னன் தன் நாட்டின் வரைபடத்தை விரித்துவைத்து, தன்மீது யாருக்கு அன்பு அதிகம் என்று மூன்று மகள்களையும் பேசச் சொல்கிறான். இது ஒரு தேர்வு. ஆனால் விடைத்தாள் திருத்தப்பட்ட பிறகு நடக்கும் தேர்வு. மூத்தவர்கள் இருவரும் பேசி முடித்ததும் அவரவர்க்கு உரிய நிலம் வழங்கப்பட்டுவிடுகிறது. எஞ்சியிருப்பது ஒரே ஒரு பங்கு, அதுவும் இருப்பதிலேயே வளமானது. இளையவள் கொர்டீலியாவை நோக்கி, உன் அக்காள்களின் பங்கைவிடச் செழிப்பான மூன்றாம் பங்கைப் பெற நீ என்ன சொல்வாய் என்று அவன் கேட்கிறான். அந்த வரியில் ஷேக்ஸ்பியர் பயன்படுத்தும் சொல் 'தேர்டு' என்பதேதான். மூன்றாம் மகள், மூன்றாம் பங்கு, மூன்றாமவன் என்ற வரிசை தெரிந்தவுடன் நாடகத்தின் தலைப்பு வேறுவிதமாக ஒலிக்கத் தொடங்குகிறது. அந்த மல்யுத்த வீரன்தான் இந்த நாடகத்தின் கொர்டீலியா. எதிர்பார்க்கப்பட்ட விடையைத் தராதவன், அதனால் துரத்தப்படுபவன். அப்படியென்றால் லியர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொரு குத்தல் உண்டு. நாடகத்தின் தொடக்கத்தில் ஜேம்சன் நிகழ்த்தும் விரிவுரையில் கொர்டீலியாவைப் பற்றி அவருக்கு நல்லெண்ணம் கிடையாது. ஆணாதிக்கத்துக்கு அடங்கிய அசட்டு நல்ல பிள்ளையாக அவளைப் பார்க்கிறார். மூத்தவர்களான கானரிலும் ரீகனும் அதிகாரத்தைக் கையில் எடுத்த பெண்களாக அவருக்குப் படுகிறார்கள். ஒரு காலத்தில் இது துணிச்சலான வாசிப்பாக இருந்திருக்கும். மூத்த மகள்கள் இருவரையும் வெறும் அரக்கிகளாகக் காட்டிவந்த மரபை அது கலைத்தது. நூறு வீரர்களுடன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்ட கிழவனைப் பொறுத்துக்கொள்ள ஏன் வேண்டும் என்று கானரிலின் பக்கம் நின்று கேட்டுப் பார்ப்பது நியாயமான கேள்வியும்கூட. ஆனால் அந்த வாசிப்பு கொர்டீலியா முதற்காட்சியில் சொல்லும் ஒற்றைச் சொல்லைக் கேட்பதில்லை. "ஒன்றுமில்லை" என்கிறாள் அவள். அரசவை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, தந்தையும் மன்னனுமான ஒருவனிடம், கேட்ட பேச்சைப் பேச மாட்டேன் என்று மறுக்கும் ஒரே ஆள் அவள்தான். அடங்கிப் போனவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்து நிலத்தை வாங்கிக்கொண்ட மற்ற இருவரையுமே சொல்ல வேண்டும்.

கொர்டீலியாவை இப்படித் தன் வசதிக்கு வளைத்த முதல் ஆள் ஜேம்சன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1681இல் நஹூம் டேட் என்பவர் லியர் நாடகத்தைத் திருத்தி எழுதி, விதூஷகனை அடியோடு நீக்கி, கொர்டீலியாவைச் சாகவிடாமல், குளோஸ்டர் பிரபுவின் மகன் எட்கருக்கு மணமுடித்து வைத்தார். அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிலாந்தின் அரங்குகள் பெரும்பாலும் அந்த வடிவத்தையே நடித்தன. 1838இல் நடிகர் மக்ரீடி விதூஷகன் உட்பட மூலத்தைப் பெருமளவு மீட்டெடுக்கும்வரை கொர்டீலியா மேடையில் பெரும்பாலும் கல்யாணப் பெண்ணாகவே இருந்தாள். பதினெட்டாம் நூற்றாண்டு விமர்சகர் சாமுவேல் ஜான்சனைப் போன்ற இரும்பு மனிதரே, அவள் சாகும் காட்சியைத் திரும்ப வாசிக்கும் துணிவு பதிப்பாசிரியராக வாசிக்க நேரும்வரை தமக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு தலைமுறையும் தன்னால் தாங்க முடியாத ஒன்றை அவளிடம் கண்டு, அதை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. டேட் அவளுக்குக் கணவனைக் கொடுத்தார். ஜேம்சன் அவளிடமிருந்து மறுப்பைப் பறித்துக்கொண்டார்.

லியருக்கு அன்றைக்கே எச்சரிக்கை கிடைக்கிறது. சற்று நன்றாகப் பார் என்று கென்ட் பிரபு மன்னனின் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். அதற்கு அவன் பெறும் பரிசு நாடுகடத்தல். 'தேர்டு' நாடகத்தில் கென்ட்டின் இடம் நான்சிக்கு வாய்க்கிறது. விசாரணைக் குழுவில் இருக்கும் அவர் தோழியின் பக்கம் சாயாமல் மாணவனுக்கு ஆதரவாக வாக்களிக்கிறார். நீண்ட காலம் ஒரே அணியில் நின்ற இரு பெண்களுக்கு இடையே இந்த ஒற்றை வாக்கு ஏற்படுத்தும் விரிசலை வாசர்ஸ்டீன் மிகையில்லாமல் எழுதியிருக்கிறார், எனக்குப் பிடித்த பகுதி அதுவே. நோயாளியான தோழியின் மீது கோபப்படக்கூடாது என்ற நாகரிகமும், நீயுமா என்ற மனக்குறையும் ஜேம்சனிடம் ஒரே நேரத்தில் வெளிப்படுகின்றன. வாசர்ஸ்டீன் இதை எழுதிய நாட்களில் தாமே கடும் நோயுற்றிருந்தார். நாடகத்தின் நியூயார்க் காட்சிகள் 2005 டிசம்பரில் முடிந்தன, 2006 ஜனவரி 30 அன்று நிணநீர்ப் புற்றுநோயால் 55 வயதில் அவர் காலமானார். நான்சியின் வசனங்களில் சுயபச்சாதாபம் சிறிதும் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நண்பரின் இரண்டாவது கேள்விக்கு நேரடியான விடை இங்கேதான் கிடைக்கிறது. ஜேம்சனைச் சுற்றி இருப்பவை வாதங்கள் இல்லை, மனிதர்களும் உடல்களுமே. மகளையே சில வேளைகளில் அடையாளம் தெரியாமல் பார்க்கும் தந்தை இருக்கிறார்; அவரோடு மழையில் அகப்படும் காட்சியைப் பார்க்கும்போது லியரின் மூன்றாம் அங்கத்தில் மன்னன் அகப்படும் புயல் நினைவுக்கு வராமல் போகாது. தாம் இதுவரை லியரை அதிகாரத்தின் சின்னமாகக் கற்பித்துவந்தாரே, அந்த லியர் ஒரு கிழவன், நினைவு தப்பிய ஒருவன், ஒருத்திக்குத் தகப்பன் என்பது அப்போது அவர்மேல் மழையோடு சேர்ந்து விழுகிறது. அம்மாவின் வெறுப்புகளுக்குத் தான் வாரிசாக மாட்டேன் என்று நிற்கும் மகள் இருக்கிறாள். அவள் அந்த மாணவனைத் தற்செயலாகச் சந்தித்துப் பேசவும் செய்கிறாள், அவளுக்கு அவன் எந்த மாநிலமாகவும் தெரிவதில்லை. இவற்றோடு மாதவிடாய் நிற்கும் பருவத்தின் உடற்சூடு வேறு. அமெரிக்க மேடையில் அதைக் கேலிப்பொருளாக்காமல், பாத்திரத்தின் சினத்தோடும் சலிப்போடும் பிணைத்துக் காட்டியவர்கள் அதிகமில்லை. இவற்றில் எதுவும் அவரது கொள்கையை மறுக்கவில்லை. கொள்கைக்கு அடங்காத பொருள்கள் வீட்டுக்குள் வந்து குவிகின்றன, அவ்வளவுதான்.

பேராசிரியரை மேடையில் மாற்ற வேண்டும் என்றால் உடலின் வழியாகத்தான் மாற்ற முடியும் என்பதை மார்கரெட் எட்சனின் 'விட்' நாடகமும் காட்டியிருக்கிறது. 1995இல் கலிபோர்னியாவில் முதலில் மேடையேறி 1999இல் புலிட்சர் பரிசு பெற்ற அந்த நாடகத்தின் விவியன் பேரிங், ஜான் டன்னின் கவிதைகளைக் கரைத்துக் குடித்தவர். கூர்மதியே வாழ்க்கை என்று நம்பியவர். சினைப்பைப் புற்றுநோய் முற்றிய நிலையில் படுக்கையில் கிடக்கும்போது, தாம் கவிதையைக் கூறுபோட்டதைப் போலவே தம் உடலை ஓர் இளம் மருத்துவன், அதுவும் தம் பழைய மாணவன், கூறுபோட்டுப் பார்ப்பதை உணர்கிறார். விவியனோடு ஒப்பிட்டால் ஜேம்சனுக்கு வாய்த்த பாடம் மெல்லியது, ஆனால் ஒருவகையில் கடினமானது. விவியன் தம் தவறுக்குத் தாமே விலை கொடுக்கிறார். ஜேம்சனின் தவறுக்கு விலை கொடுப்பவன் வேறொருவன்.

நாடகத்தின் காலத்தை வாசர்ஸ்டீன் ஏன் இவ்வளவு குறிப்பாகத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் நண்பர் கவனிக்க வேண்டும். ஜேம்சன் தொலைக்காட்சிச் செய்திகளில் மூழ்கிக் கிடக்கிறார். ஈராக் மீதான போர் நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக வாதிட்டார். மார்ச் 20 அன்று படையெடுப்பு தொடங்கியது. அந்த ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆதாரமில்லாத சந்தேகத்தின் பேரில் ஒரு நாட்டின் மீது போர் தொடுக்கிறார்களே என்று ஜேம்சன் கொதிக்கிறார், அதில் அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. அதே பருவத்தில், அதே அளவு ஆதாரத்துடன், அவர் ஒரு பத்தொன்பது இருபது வயதுப் பையனின் எதிர்காலத்தின் மீது கை வைக்கிறார். இந்த இரண்டையும் இணைத்து எந்தப் பாத்திரமும் ஒரு வசனம் பேச வேண்டிய தேவை இல்லை. திரையின் நீல வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தாலே போதும்.

அதே 2005இன் கடைசி மாதங்களில், நியூயார்க்கின் இன்னொரு மேடையில் ஜான் பாட்ரிக் ஷான்லியின் 'டவுட்' நடந்துகொண்டிருந்தது. அங்கும் வயதில் மூத்த, கண்டிப்பான ஒரு பெண், 1964ஆம் ஆண்டுப் பள்ளியொன்றின் தலைமைக் கன்னியாஸ்திரி, கைக்குச் சான்று கிடைக்காத நிலையில் ஒரு பாதிரியாரைக் குற்றவாளி என்று உறுதியாக நம்புகிறார். ஆனால் ஷான்லி பார்வையாளனுக்கு உண்மையைச் சொல்வதில்லை. பாதிரியார் குற்றம் செய்தாரா இல்லையா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாம் சண்டையிட்டுக்கொள்ளலாம். டேவிட் மாமெட்டின் 'ஒலியானா'விலும் (1992) பேராசிரியரும் மாணவியும் ஒருவரையொருவர் அழிக்கும் இடத்தில், நாம் யார் பக்கம் நிற்பது என்று திணறுகிறோம். வாசர்ஸ்டீன் அந்தத் திணறலை நமக்குத் தருவதில்லை. தேர்டு நிரபராதி என்பது நமக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவன் நல்லவன், நகைச்சுவை உணர்வுள்ளவன், புண்பட்டாலும் மரியாதை தவறாதவன். ஒரு நாடகமாக 'தேர்டு' தோற்கும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவன் சற்றே திமிர் பிடித்தவனாக, பெண்களைப் பற்றி இரண்டு மட்டமான கருத்துகள் உடையவனாக, ஆனாலும் அந்தக் கட்டுரையைத் தானே எழுதியவனாக இருந்திருந்தால், ஜேம்சனின் பிழை எவ்வளவு ஆழமானது என்பது இன்னும் கூர்மையாகத் தெரிந்திருக்கும். நமக்குப் பிடித்தவனுக்கு நீதி கேட்பது எளிது.

இனி முதல் கேள்வி. இந்த நாடகம் பெண்ணியத்தைக் கைகழுவுகிறது என்று சொல்பவர்கள், அதை எழுதியவர் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள். வாசர்ஸ்டீன் 1950இல் புரூக்ளினில் பிறந்து, மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் 1971இல் பட்டம் பெற்றவர். அவர் படித்த காலத்தில் அமெரிக்காவின் முதல்தரக் கல்லூரிகள் பலவற்றின் கதவுகள் அப்போதுதான் பெண்களுக்குத் திறந்துகொண்டிருந்தன: யேல் தன் இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தது 1969இல், டார்ட்மத் 1972இல், ஆம்ஹெர்ஸ்ட் 1975இல், கொலம்பியா கல்லூரி 1983வரை காத்திருந்தது. அந்தக் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. ஜேம்சனின் தலைமுறை தோள் கொடுத்துத் தள்ளித் திறந்த கதவுகள் அவை. அந்தத் தள்ளலுக்குத் தேவைப்பட்ட பிடிவாதத்தை நாடகம் எங்கும் இழிவுபடுத்தவில்லை. உள்ளே வந்து முப்பது ஆண்டுகள் ஆன பிறகும், கதவுக்கு வெளியே நிற்பவர் தாமே என்று ஜேம்சன் நம்பிக்கொண்டிருப்பதுதான் சிக்கல். மதிப்பெண் போடுவதும் புகார் எழுதுவதும் இப்போது அவர் கையில் இருக்கின்றன. எதிர் நிற்கும் பையனின் கையில் ஒரு கட்டுரை மட்டுமே இருக்கிறது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் பெண்ணியம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தக் கேள்வியை அவர் தம்மிடம் கேட்டுக்கொள்ளும் நாள் வருகிறது. அப்போது அவர் பெண்ணியத்திலிருந்து வெளியேறுவதாக எனக்குத் தோன்றவில்லை, பல ஆண்டுகளுக்குப் பிறகு அதற்குள் திரும்பி வருவதாகவே தோன்றுகிறது.

இதற்கு வாசர்ஸ்டீனின் முந்தைய நாடகம் ஒன்றையே சாட்சியாக வைக்கலாம். 1988இல் மேடையேறி, மறு ஆண்டு புலிட்சர், டோனி ஆகிய இரு பரிசுகளையும் வென்ற 'ஹெய்டி கிரானிக்கிள்ஸ்' நாடகமும் ஒரு பெண் பேராசிரியரின் விரிவுரையோடுதான் தொடங்குகிறது. கலை வரலாற்றாளரான ஹெய்டி, வரலாறு மறந்த பெண் ஓவியர்களின் படங்களைத் திரையில் காட்டி, இவர்களை ஏன் உங்கள் பாடநூலில் காணோம் என்று மாணவர்களைக் கேட்கிறார். பதினேழு ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒரு மேடை, அதே போன்ற விரிவுரை, ஆனால் குரல் மாறியிருக்கிறது. விடுபட்டவர்களை ஹெய்டி உள்ளே சேர்க்கிறார்; யார் உள்ளே இருக்கலாம் என்பதை ஜேம்சன் தீர்மானிக்கிறார். இரண்டு விரிவுரைகளையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்க்கும்படி நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தலைமுறைப் பெண்களின் வெற்றியும் அந்த வெற்றிக்குள் புகுந்த துருவும் அந்த இடைவெளியில் தெரியும். அதை வெளியாளின் ஏளனத்தோடு எழுதாமல், கூடவே நடந்துவந்த ஒருத்தியின் உரிமையோடு வாசர்ஸ்டீன் எழுதியிருக்கிறார். ஹெய்டிக்காகவே அவர் அன்றைய பெண்ணியவாதிகள் சிலரிடம் திட்டு வாங்கியவர். கடைசிக் காட்சியில் ஹெய்டி ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்வது அவர்களுக்கு உவப்பாக இல்லை. தம் அணிக்குள் இருந்துகொண்டே தம் அணியை உறுத்துவது அவருக்குப் பழகிய வேலை.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் மதுரை நினைவுக்கு வரலாம்; எனக்கு வந்தது. கொலைக்களக் காதையில் கோவலனைப் பார்க்கும் காவலர்கள், இவன் தோற்றம் கள்வனுக்கு உரியது இல்லை, கொலைக்குரியவன் இவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கி, கள்வர் கைக்கொள்ளும் எட்டையும் வரிசையாக விரித்துரைக்கிறான். அதுவும் ஒரு விரிவுரைதான். கண்ணுக்கு முன்னால் நிற்கும் ஒரு மனிதனைப் பற்றிப் பேசாமல், கள்வர் என்ற வகையைப் பற்றி அவன் அவ்வளவு தேர்ச்சியோடு பேசுகிறான். தேர்ச்சியில் மயங்கியவர்களின் கூட்டத்தில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கொல்லன் பொய்யன், ஜேம்சன் தாம் சொல்வதை உண்மை என்றே நம்புபவர் என்ற வேறுபாடு பெரியதுதான். ஆயினும் சொல்லும் முறை ஒன்றே. இன்னொரு வேறுபாடும் உண்டு. 'யானே கள்வன்' என்று உணர்ந்த கணத்தில் பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறந்தான். காவியத்துக்கு அது பொருந்தும். ஜேம்சனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் உணர்ந்த பிறகும் விடைத்தாள் திருத்த வேண்டும், தந்தைக்கு மருந்து கொடுக்க வேண்டும், அடுத்த பருவத்தில் மறுபடியும் லியரைக் கையில் எடுக்க வேண்டும்.

கடைசியாக, அந்த மன்னிப்புக் காட்சியைப் பற்றி. அதை உணர்ச்சிவசமான சமரசம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. லியரின் நான்காம் அங்கத்து ஏழாம் காட்சியை அருகில் வைத்து அதைப் படிக்க வேண்டும். பித்துத் தெளிந்து கண்விழிக்கும் லியர், எண்பதைக் கடந்த தன்னை ஓர் அசட்டுக் கிழவன் என்று சொல்லிக்கொண்டு, நஞ்சு கொடுத்தாலும் குடிக்கிறேன், உன் அக்காள்களுக்கு என்னை வெறுக்கக் காரணம் இல்லை, உனக்கு இருக்கிறது என்று இளைய மகளிடம் சொல்கிறான். "காரணம் இல்லை, காரணம் இல்லை" என்கிறாள் அவள். காரணம் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். அவள் சொல்வது அன்பினால் சொல்லப்படும் பொய், முதல் காட்சியில் பேச மறுத்தவள் தானாக விரும்பிப் பேசும் முதல் அலங்காரச் சொல். ஜேம்சன் மாணவனின் முன்னால் போய் நிற்கும்போது, இந்தக் காட்சியை முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு விளக்கிவந்தவர் என்ற நினைவோடுதான் நிற்கிறார். ஆனால் தேர்டு அவர் பெற்ற பிள்ளை இல்லை. இழந்த ஒரு கல்வியாண்டை விசாரணைக் குழுவின் தீர்ப்பு அவனுக்குத் திருப்பித் தந்துவிடவும் இல்லை. காரணம் இல்லை என்று சொல்லும் கடமை அவனுக்குக் கிடையாது. நடிகர்கள் இந்தக் காட்சியை இளகிய குரலில், தழுவிக்கொள்ளப் போகிறவர்களைப் போல ஆடிவிட்டால் நண்பர் சொல்லும் தெளிவின்மை உண்மையிலேயே வந்துவிடும். அவர்களுக்கு இடையே ஒரு கைத்தொலைவு இருக்க வேண்டும். அந்தப் பையன் பதில் சொல்வதற்கு முன்னால் நாம் சற்று அச்சத்தோடு காத்திருக்க வேண்டும்.